கப்பலுக்குள் வைத்த பிள்ளை

வைத்த இடத்தில் அவன் இல்லை.

லூர்துசாமி மெழுகுவத்தியைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். போர்க்கப்பலின் பின்பக்கப் பீரங்கிக்குப் பக்கத்தில் பசை போட்டு நிறுத்தியிருந்த அரை அங்குல ஆள், அங்கிருந்து நாலு விரற்கடை தள்ளி, ஓரக் கம்பியில் வயிற்றை ஒட்டிக்கொண்டு, கடலைப் பார்க்கிறவன் மாதிரி நின்றுகொண்டிருந்தான். அவன் முன்னால் இருந்தது கடல் இல்லை, புயல் மழையில் ஊறிப் பொரிந்துபோன வீட்டுச் சுவர்தான்.

இரண்டரை அடி நீளக் கப்பல் அது. மகன் சார்லஸ் வேலை பார்க்கிற நேவிக் கப்பலை அப்படியே சின்னதாக்கிச் செய்தது. உப்பனாற்றங்கரைப் படகுப் பட்டறையில் பகலெல்லாம் பலகை தூக்கி, தண்ணீர் புகாதபடி இடுக்கில் பஞ்சு திணித்து, சாயம் அடித்து, இடுப்பு விட்டுப்போய் வீடு வருகிற மனுஷன், கை கழுவிவிட்டு இதன் முன்னால்தான் உட்காருவார். மூன்று வருஷ வேலை. எரிந்த மோட்டாரின் செம்புக் கம்பியில் ஓரக் கம்பிகள். காலிப் பேனா ரீஃபிலில் பீரங்கிக் குழாய்கள். கொசுவலைத் துணியை மடக்கி ரேடார். மூங்கில் சீவலில் நாற்பத்தொரு ஆட்கள், ஒவ்வொருவனுக்கும் தலை ஒரு கடுகு. அதில் இடது மணிக்கட்டில் கைக்கடிகாரத்துக்காகக் கறுப்புப் புள்ளி வைத்தவன் சார்லஸ். இப்போது இடம் மாறி நின்றவனும் அவன்தான்.

ஒவ்வொன்றும் சார்லஸ் போனில் சொல்லச் சொல்லச் செய்தது. "ஏணி எந்தப் பக்கம்டா?" என்று இவர் கேட்பார். "அப்பா, இதெல்லாம் வெளிய சொல்லக் கூடாது. சைனாக்காரன் காதுல வுழுந்தா என்னா ஆவுறது?" என்பான் அவன். "சைனாக்காரன் எங்கூட்டுத் தையல் மிஷின் மேல இருக்கறதப் பாத்துக்கினுதான் சண்டைக்கு வரப் போறானா? சொல்லுடா." அவன் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவான்.

புயல் அடித்து இது மூன்றாம் நாள். கடலூர் முதுநகரில் கரண்ட் இல்லை, போன் டவர் இல்லை. புயலுக்கு இரண்டு நாள் முன்னால் சார்லஸ் கடைசியாகப் பேசினான். துறைமுகத்தில் நின்றால் கப்பல் சுவரில் மோதி நொறுங்கும், அதனால் நடுக்கடலுக்குப் போய்விடுவோம் என்றான். அதற்கப்புறம் ஒரு வார்த்தை இல்லை.

"ஏண்டி, இத நீ தொட்டியா?" என்றார் உள்பக்கம் திரும்பி.

"நான் ஏன் தொடறேன்?" என்றாள் மனைவி பிரிசில்லா, அடுப்படியிலிருந்து. "என் மிஷினத் தொட்டே மூணு வருஷம் ஆவுது. எலி தட்டி வுட்டிருக்கும். வந்து கஞ்சியக் குடிங்க."

எலி தட்டியிருந்தால் விழுந்துதானே கிடக்கும் என்று நினைத்தார். பழைய இடத்தில் காய்ந்த பசையில் கடுகிலும் சிறியதாக இரண்டு பள்ளங்கள் இருந்தன, காலைப் பிடுங்கி எடுத்த மாதிரி. அங்கிருந்து ஓரக் கம்பி வரைக்கும் சாம்பல் சாயத்தின் மேல் ஈரப் புள்ளிகள் ஒன்று விட்டு ஒன்று போயிருந்தன. சாமணத்தின் முனையால் அவனைக் கவ்வி எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்துப் பசையை இரண்டு சொட்டு ஜாஸ்தியாகவே விட்டார்.

மறுநாள் பட்டறையில் வேலை இல்லை. விழுந்த கூரையைத் தூக்கி நிறுத்திவிட்டுப் பொழுது சாய வீட்டுக்கு வந்தார். தெருவெல்லாம் முறிந்த மரங்களின் பச்சை வாடை, காயாத துணியின் புழுங்கல் வாடை. டிவி சத்தமோ மின்விசிறிச் சத்தமோ இல்லாமல், தெருக்கோடியில் யாருடைய ஜெனரேட்டரோ இருமிக்கொண்டே இருக்க, கூரைத் தகடு அவ்வப்போது ஆணியில் தட்டி அடங்கிக்கொண்டிருந்தது. மெழுகுவத்தியைக் கொளுத்தினார்.

அவன் மறுபடியும் ஓரத்தில் நின்றான். இந்தத் தரம் ஒரு கால் கம்பிக்கு வெளியே இருந்தது.

லூர்துசாமி குனிந்து பார்த்தார். மூங்கில் சீவல் மடங்காது, மடக்கினால் உடையும். இவன் கால் முட்டியில் மடங்கியிருந்தது.

"பிரிசில்லா."

அவள் வந்து பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துத் தலைக்குப் போட்டுக்கொண்டாள். "உள்ள எடுத்து வைங்க அவன" என்றாள். "வெளிய நிக்க வச்சது ஒங்க தப்பு. எல்லாரும் நிக்கட்டும். எம்புள்ள உள்ள இருக்கட்டும்."

அது அவருக்கும் சரியாகப் பட்டது. கப்பலில் பத்திரமான இடம் எது என்று அவருக்குத் தெரியும், அவர்தானே கட்டினார். பின்பக்க மேல்தளத்தில் ஒரு பலகையை நெம்பி எடுத்தார். உள்ளே பலா மரத்தில் இழைத்த அடிக்கட்டை, அதன் இருபக்கமும் விலா எலும்பு மாதிரி சட்டங்கள், நடுவில் ஒரு தீப்பெட்டி அளவு வெற்றிடம். அதில் பஞ்சு வைத்து அவனைப் படுக்கவைத்தார்.

பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. புதுப் படகின் மேல்தளத்தில் கடைசிப் பலகையை அடிக்கும் முன் ஒருவர் உள்ளே தலையை விட்டு, "உள்ள யாருனா இருக்கீங்களா?" என்று மூன்று தரம் கேட்பார். பதில் இல்லாவிட்டால்தான் ஆணி. உள்ளே ஆள் இல்லை என்று கண்ணுக்குத் தெரிந்தாலும் கேட்காமல் மூடியதில்லை. இந்தப் பொம்மைக் கப்பலை முதலில் மூடியபோதுகூட லூர்துசாமி குனிந்து கேட்டார், பிரிசில்லா விழுந்து விழுந்து சிரித்தாள்.

இப்போது எப்படிக் கேட்பது? உள்ளேதான் ஒருவன் இருக்கிறானே.

கேட்கவில்லை. பசை போட்டார், பலகையை அமுக்கினார், அதன்மேல் சாம்பல் சாயத்தை இரண்டு கை பூசினார். அன்றைக்கு நன்றாகத் தூங்கினார்.

விடிந்ததும் செல்போனை எடுத்துக்கொண்டு சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினார். அங்கே கரண்ட் வந்துவிட்டது என்று பேச்சு. பிரிசில்லாவின் தம்பி ராஜாமணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் குடியிருந்தான். போனைச் சார்ஜில் போட்டுவிட்டு டீ கொடுத்தான்.

"நேவிக்காரன் புயலுக்குப் பயப்புடுவானா மாமா? அவன் கப்பல்ல கறிச்சோறு தின்னுக்கினு ஜம்முனு இருப்பான். நீங்கதான் இங்க கன்னம் ஒட்டிப் போயிட்டீங்க."

"அதான் மச்சான். ஒரு வார்த்த பேசிட்டா போதும்."

சார்லஸ் எண்ணுக்கு ஏழு தரம் போட்டார். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றே சொன்னது. பகல் பன்னிரண்டு மணிக்கு அதுவாக அடித்தது. திரையில் எண் இல்லை.

"அப்பா."

குரல் பானைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. லூர்துசாமி போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். "நல்லா இருக்கியாடா? எங்கடா இருக்க?"

"தெரியலப்பா. நேத்து பின்னாடி டூட்டில நின்னுக்கினு இருந்தேன். யாரோ இடுப்பப் புடிச்சுத் தூக்குன மாதிரி இருந்துச்சு. முழிச்சுப் பாத்தா இருட்டா இருக்குது." மூச்சு வாங்கினான். "கதவு இருக்குற எடத்துல கதவு இல்லப்பா. கைய வச்சுத் தடவிப் பாத்துட்டேன். சாய வாடையா அடிக்குது. கூப்புட்டா யாருக்கும் கேக்கல."

"சார்லஸு."

"மூச்சு முட்டுதுப்பா."

அவ்வளவுதான், லைன் அறுந்துபோனது. ராஜாமணி சிரித்தபடி, "என்னா சொல்றான் மருமவன்?" என்றான். லூர்துசாமி சட்டையைக்கூடச் சரியாகப் போடாமல் தெருவுக்கு வந்துவிட்டார்.

பி.முட்லூருக்கு அப்பால் ரோட்டில் சாய்ந்த மரங்களை இன்னும் அறுத்துக்கொண்டிருந்தார்கள். பஸ் நின்று நின்று ஊர்ந்தது. ஒவ்வொரு தரம் நின்றபோதும் அவர் மூச்சைப் பிடித்துப் பார்த்தார், எவ்வளவு நேரம் தாங்கும் என்று. வீடு சேர்ந்தபோது நன்றாக இருட்டிவிட்டது.

"போன் கெடச்சுதா? பேசுனானா?" பிரிசில்லா வாசலிலேயே நின்றாள்.

"பேசுனான். நல்லா இருக்கானாம்."

"அப்பறம் ஏன் ஒங்க மூஞ்சி இப்படி இருக்குது?"

அவர் உள்ளே போனார். மெழுகுவத்தி. கப்பல். நேற்று நெம்பிய பலகையைத் தேடினார். விரலால் தடவினார். நகத்தால் கீறினார். கோடு இல்லை. மூடிய இடமே தெரியவில்லை. மேல்தளம் முழுக்க ஒரே வார்ப்பாக, குளிர்ந்து, இரும்பு மாதிரி இருந்தது. பலகைதான் அது, அவர் கையால் இழைத்தது, ஆனாலும் உளி வழுக்கிக்கொண்டு போனது. இரண்டாவது தரம் உளியின் முனை ஒடிந்தது.

அப்போதுதான் சத்தம் கேட்டது.

டொக்.

கூரைத் தகடு என்று நினைக்க ஆசைப்பட்டார். வெளியே காற்றே இல்லை.

டொக். டொக். டொக்.

மரத்துக்கு உள்ளிருந்து. நக நுனியால் தட்டுகிற அளவுக்குச் சின்னச் சத்தம்.

மேலே திறக்காது. பக்கவாட்டில் அறுக்கலாம். ஆனால் அந்தத் தீப்பெட்டி அளவு இடம் சிவப்புச் சாயத்துக்குப் பின்னால் இருந்தது. சிவப்பு என்றால் தண்ணீருக்குள் இருக்கிற பாகம். அங்கே ஓட்டை விழுந்தால் கப்பலுக்கு என்ன ஆகும் என்று முப்பது வருஷம் படகில் பஞ்சு திணித்த ஆளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேல்தளத்தில் நாற்பது பேர் நின்றார்கள். எல்லோரும் வழக்கம்போல் முதுகைக் காட்டிக்கொண்டு, முதுகில் அவர் தீட்டிய நீலக் காலரோடு.

பிரிசில்லா பின்னால் வந்து நின்றது தெரியவில்லை. அவள் அவரைத் தள்ளிவிட்டுக் குனிந்து, கப்பலின் வயிற்றில் காதை வைத்தாள். வெகுநேரம் அப்படியே இருந்தாள். நிமிர்ந்தபோது அவள் வாய் கோணியிருந்தது.

"ஏங்க. அம்மான்னு கூப்புடுறான்."

அவர் தலையைத் தொங்கப்போட்டார்.

"தெறங்க."

"எப்படிடி தெறக்குறது? தண்ணி பூந்துடும். மத்த புள்ளைங்க இருக்காங்கடி, நாப்பது பேரு."

"அவுங்கவுங்க அம்மா பாத்துக்கட்டும்" என்றாள் பிரிசில்லா. ரம்பத் தகட்டை எடுத்து அவர் கையில் திணித்தாள். "தெறங்கன்றேன்."

டொக்.

சத்தம் மெலிந்துகொண்டு வந்தது. இரண்டு தட்டலுக்கு நடுவே அவர் மனசுக்குள் எண்ணினார். எட்டு. அடுத்ததற்குப் பதினொன்று.

அறுத்தார்.

சிவப்புச் சாயம் தூளாக உதிர்ந்தது. பலகை முனகியது. ஒரு விரல் நீளம். இரண்டு விரல். திருப்பி ஒரு வெட்டு. துண்டு உள்ளே விழுந்தது. விழுந்த சத்தம் வெகுநேரம் கழித்துக் கீழே எங்கோ கேட்டது.

பிரிசில்லா ஓட்டையில் வாயை வைத்து, "சார்லஸு, அம்மா வந்துட்டேன்டா" என்றாள்.

முதலில் குளிர்ந்த காற்று வந்தது. உப்பு வாடை. டீசல் வாடை. அப்புறம் தண்ணீர். விரல் கனத்தில் தொடங்கி, அவள் முகத்தில் அடித்து, மிஷின் மேல் பரவி, கீழே மிதிபலகையில் கொட்டியது. இரண்டரை அடிக் கப்பலுக்குள் எத்தனை தண்ணீர் இருந்துவிடும்? நிற்கவில்லை. கணுக்காலுக்கு வந்தது. வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போனது.

தட்டல் இன்னும் கேட்டது. உள்ளிருந்து இல்லை. கீழே. தரைக்குக் கீழே. தூரத்தில். இன்னும் தூரத்தில்.

பிரிசில்லா இரண்டு உள்ளங்கைகளையும் ஓட்டையின்மேல் வைத்து முழு பலத்தோடு அழுத்தினாள். கப்பல் மெல்லச் சாய ஆரம்பித்தது.

லூர்துசாமி மெழுகுவத்தியை உயர்த்தினார். மேல்தளத்தில் ஒரு முதுகும் தெரியவில்லை, ஒரு நீலக் காலரும் தெரியவில்லை. சாய்கிற கப்பலின் ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நாற்பது பேரும் பிரிசில்லாவின் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் விரல் இடுக்குகளில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது.