ஈக்கள் விட்ட இடைவெளி

கண்ணாடிப் பெட்டிக்குள் ஈக்கள் ஒரு வட்டத்தைக் காலியாக விட்டிருந்தன. அவள் கண்ணாடியில் வைத்திருந்த விரலுக்கு நேரே இருந்தது அந்த வட்டம். விரலை நகர்த்தினாள். வட்டமும் நகர்ந்தது.

பழ ஈக்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று அளப்பதுதான் அவள் வேலை. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே விட்டுத் தட்டினால் எல்லாம் கீழே விழும். பிறகு மெல்ல ஏறி, ஒவ்வொன்றும் தனக்குப் பிடித்த இடத்தில் நின்றுவிடும். அப்போது படமெடுத்து அளக்க வேண்டும். ஒட்டியும் நிற்காது, விட்டும் போகாது, குடும்பம் மாதிரி. ஆனால் சில ஈக்களைக் குப்பியில் போட்டுப் பலமாகக் குலுக்கினால், பயத்தில் ஒரு வாடையை விடும். அந்தப் பக்கம் வேறு ஈ எட்டிக்கூடப் பார்க்காது. பயம் கூடக்கூட வாடையும் கூடும்.

காலையில், குலுக்கிய ஈக்களை வாயால் உறிஞ்சும் ரப்பர் குழாயில் எடுத்தபோது, ஈ வாய்க்குள் போகாமல் தடுக்கும் வலைத்துணியை உள்ளே வைக்க மறந்திருந்தாள். தொண்டையில் ஏதோ சிறகடித்தது. இருமிப் பார்த்தாள். ஒன்றும் வெளியே வரவில்லை.

“குளிக்காம வந்துட்டீங்களா மேடம்? ஈக்கே பிடிக்கலையே,” என்றார் ஆய்வுக்கூட உதவியாளர். சிரித்தபடியே கதவுவரை பின்வாங்கியிருந்தது அவருக்கே தெரியவில்லை.

பேருந்தில் அவளைச் சுற்றி இருக்கைகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. நெரிசலில் நசுங்கியவர்கள்கூட அவள் பக்கம் வரவில்லை.

கணவன் கூடத்தில் தனியாகப் படுக்க ஆரம்பித்து மாதங்களாகியிருந்தன. ஈக்களின் தூரத்தை மயிரிழை பிசகாமல் அளந்தவள் இந்தத் தூரத்தை அளக்கவில்லை. இன்றாவது பக்கத்தில் உட்கார்ந்து பேசிவிட வேண்டும், மகளை மடியில் போட்டுக்கொள்ள வேண்டும் என்று நினைத்துக்கொண்டே அடுக்குமாடி வீட்டின் கதவைத் திறந்தாள்.

இருவரும் எழுந்தார்கள். சுவரோரம் போனார்கள். அவள் ஓரடி வைத்தாள். அவர்கள் பால்கனிக்குள் நகர்ந்தார்கள்.

“என்னன்னு தெரியல. தப்பா எடுத்துக்காத. நீ அங்கயே நில்லு,” என்றான் கணவன். குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளை உலுக்கியது.

நின்றாள். நெஞ்சு அடித்துக்கொண்டது. அவள் நகரவே இல்லை. ஆனாலும் அவர்கள் முதுகு கம்பியில் போய் இடித்தது. கீழே, வெகு கீழே, தெருவிளக்கு.

“பயப்படாதம்மா,” என்றாள் மகள். “நீ பயந்தா எங்களால நிக்க முடியல.”

மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பயப்படக் கூடாது. கூடவே கூடாது.

தொண்டையில் அது மறுபடி சிறகடித்தது.

மகள் அம்மாவைப் பார்த்தபடியே, கம்பியின் மேல் ஒரு காலை எடுத்து வைத்தாள்.