வரம்பு மீறிய சாட்சி

"இன்னிக்கு இங்க ஒரு கொலை விழப்போகுது!"

நகராட்சி அலுவலகமே திரும்பிப் பார்த்தது. நாலாம் கவுண்ட்டரில் தையல்காரி கத்திக்கொண்டிருந்தாள்.

கத்தாமல் என்ன செய்வாள்? புருஷனுக்கு வாரம் இரண்டு டயாலிசிஸ். செலவு நகராட்சியுடையது. நாளைக் காலை அடுத்த முறை... இன்று உதவி ரத்து!

"கிழிசல் தைக்கிறவ சார் நான்... எனக்கு ஏது அவ்வளவு வருமானம்?"

கவுண்ட்டர்க்காரர் நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்தார்.

"வட்டிக்கடைக்காரர் கொலையில ஆளைக் காட்டிக் குடுத்தியே... ஒரு லட்சம் பரிசு வருதுல்ல? வருமான வரம்பைத் தாண்டிடுச்சும்மா."

நிஜம்தான். போன மாதம் எதிர்க்கடையில் வட்டிக்காரரைக் குத்திவிட்டு ஓடியவனை, மெஷினை மிதித்தபடியே ஜன்னல் வழியாகப் பார்த்தாள். போலீசுக்குப் போன் செய்தாள். அவன் உள்ளே போனான். பைக்கில் காத்திருந்த ஹெல்மெட் ஆசாமி மட்டும் அவள் ஜன்னலை ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தப்பிவிட்டான்.

"கையில பத்து பைசா வரலையே சார்!"

"வரப்போறதும் வருமானம்தான்." ஒரு தாளை நகர்த்தினார். "'நான் எதையும் பார்க்கலை'ன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. பரிசு போயிடும். உதவி ஓடி வந்துடும்!"

நல்லது செய்ததற்கு இதுதான் கூலியா? விறுவிறுவென்று வராந்தாவுக்கு வந்து இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டாள்.

"உங்க பரிசை நீங்களே வச்சுக்குங்க சார்! நாலாம் கவுண்ட்டர்ல அதை வருமானம்னு எழுதிட்டாங்க!"

இன்ஸ்பெக்டர் குரலைத் தாழ்த்தினார்.

"தகவல் சொன்னது நீதான்னு என் ஸ்டேஷன்லயே யாருக்கும் தெரியாதும்மா... அந்தாளுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அவள் நாலாம் கவுண்ட்டரைத் திரும்பிப் பார்த்தாள்.

ஹெல்மெட்!

"சார்...! ஜன்னல்ல என்னைப் பார்த்தது அந்த ஹெல்மெட்காரன் ஒருத்தன்தான்!"

"பதறாதே. திரும்பிப் போய்ச் சண்டை போடும்மா. பத்து நிமிஷம் அவனை எழுந்திரிக்க விடாதே!"

சண்டைதானே? இந்த உதவியை வாங்க நாலு மாதம் அலைந்த கோபம் பாக்கி இருந்தது. பத்து நிமிடம் போதவில்லை!

ஜீப் வந்தது. விலங்கு மாட்டியதும் கவுண்ட்டர்க்காரர் கக்கிவிட்டார். அடகு நகைக்காகத்தான் கொலை. சாட்சியைக் கலைக்கத்தான் ரத்து. அரண்டுபோன மேனேஜர், "பரிசெல்லாம் வருமானத்துல சேராதும்மா!" என்று நின்றபடியே ரத்தை ரத்து செய்தார்.

தையல்காரி கவுண்ட்டர்க்காரரைப் பார்த்தாள்.

"மூஞ்சியைத் தொங்கப் போடாதீங்க சார். போற இடத்துல தங்க இடம், மூணு வேளை சோறு... எல்லாம் இலவசம். வருமானச் சான்றிதழே கேக்க மாட்டாங்க!"