மணிக்கொரு மூச்சு

ஹெட்போனைக் கழற்றியபோது அடுத்த அறையிலிருந்து அப்பாவின் இழுப்புச் சத்தம் வரவில்லை. காலையிலேயே கதவைச் சாத்திவிட்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேலையில் மூழ்கியதால் அது எப்போது நின்றதென்று அவளுக்குத் தெரியவில்லை. அப்பாவின் கட்டிலோரக் கருவி அவள் கம்ப்யூட்டர் திரைக்கு அனுப்பிய கடைசி வரி என்னவோ பச்சையாகத்தான் இருந்தது. நலம்.

வீட்டோடு கிடக்கும் நோயாளிகளின் மூச்சைக் கவனிக்கும் கம்பெனியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. இரவும் பகலும் பின்னணியில் ஓடி மூச்சைக் கேட்டுக்கொண்டேயிருந்த புரோகிராம் மெமரியைத் தின்று தீர்த்தது. அதற்குப் பதிலாக, மணிக்கொருமுறை விழித்துப் பார்த்துவிட்டுத் தூங்கிப்போகும் ஒன்றை எழுதினாள். இன்று காலை அதைச் சோதித்துப் பார்க்க அப்பாவின் கட்டில்தான் அகப்பட்டது.

"பெரியவர் எங்க ஓடிடப் போறார்? மணிக்கு ஒரு தடவ எட்டிப் பாத்தா போதாதா?" என்றார் மேனேஜர். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

கதவைத் திறந்தாள். மருந்து நெடிக்கு அடியில் நாள்பட்ட பூச்சாடித் தண்ணீரின் வாடை. ஜன்னல் துணி வழியே வந்த வெயில் அப்பாவின் நெஞ்சில் மஞ்சளாக விழுந்திருந்தது, நெஞ்சு அசையவில்லை. கை சில்லிட்டு விறைத்திருந்தது. தம்பிக்கு போன் போட்டாள்.

"ஏன்க்கா பயமுறுத்துற? என் போன்லயும் நலம்னுதானே காட்டுது."

கருவி டிக் என்றது. அப்பாவின் கண்கள் திறந்தன. நெஞ்சு ஏறி, ஒரே ஒரு மூச்சு இறங்கியது. பச்சை விளக்கு எரிந்து அணைந்தது. கண்கள் மூடிக்கொண்டன.

"பாரு, இப்பகூட வந்துச்சு," என்றான் தம்பி.

கருவி கேட்கும்போது மட்டும் மூச்சு. கேட்காத நேரமெல்லாம் பிணம்.

தன் அறைக்கு ஓடினாள். புதியதை நிறுத்தினாள். பழைய புரோகிராமை ஓடவிட்டாள். விடாமல் கேட்டால் விடாமல் மூச்சு விடுவார், பிழைத்துக்கொள்வார் என்று நம்பினாள்.

இழுப்புச் சத்தம் கேட்டது. அழுதுகொண்டே போய்க் கையைப் பிடித்தாள்.

அதே சில்லிப்பு. விரல்கள் மடங்கவில்லை. வாடை கூடியிருந்தது. நெஞ்சு மட்டும் ஏறியது. இறங்கியது. ஏறியது. அப்பா கண்ணை மூடப் பார்த்தார். முடியவில்லை.

"போதும்மா," என்றார். "என்ன விட்டுடு."

நிறுத்தினால் போய்விடுவார். அவளுக்குக் கை வரவில்லை. கதவைச் சாத்தினாள். நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

திரையில் பச்சை வரிகள் ஓடிக்கொண்டிருந்தன. நலம். நலம். நலம்.