ஒரு பக்கச் சாலை

சாலைக்கு ஒரே ஒரு பக்கம்தான் உண்டு. எதிர்ப்பக்கம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது கண்ணின் பழக்கதோஷம்.

ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில் முனைவர் செங்கோடன் இதைச் சொல்லிவிட்டு, மாணவர்கள் எழுதிக்கொள்ளட்டும் என்று சற்று நேரம் கூரையைப் பார்த்தபடி நிற்பார். யாரும் சிரிப்பதில்லை. அக மதிப்பெண் அவர் கையில் இருந்தது.

மேலை ஓமலூர்ப் பெருவழிப் பல்கலைக்கழகத்தில், சாலைப் பண்பாட்டுப் புவியியல் துறையில் அவர் இணைப் பேராசிரியர். லாரிகளின் முதுகில் ஒருகாலத்தில் எழுதப்பட்ட வாசகங்களைப் பற்றி முனைவர் பட்டம் வாங்கியவர். சுங்கச்சாவடிச் சண்டைகளின் அழகியல், வேகத்தடையும் தமிழர் முதுகெலும்பும் என்று இரண்டு நூல்கள் எழுதியிருந்தார். லாரியையோ சுங்கச்சாவடியையோ வேகத்தடையையோ அவர் பார்த்ததில்லை. சாலையில் கால் வைத்ததும் இல்லை. அது ஒரு குறை என்று யாராவது சொன்னால், “தண்ணியப் பத்தி மீன்கிட்டயா கேப்பாங்க?” என்பார்.

கால் வைக்காததில் அவர் தனித்தவர் அல்லர். அவர் தலைமுறையில் எவரும் வைத்ததில்லை. பெருவழியில் ஊர்திகள் நிற்பதே கிடையாது. இரண்டு ஊர்திகளுக்கு நடுவே ஒரு வாழையிலை நுழைய இடமில்லாமல், மந்திரம் போட்டதுபோல் ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். இதற்கு இடைவிடா ஓட்டம் என்று பெயர். ஒரு நாய் குறுக்கே வந்தாலும் அதிர்ச்சி சென்னைவரை போகும் என்பதால், சாலையின் இரு ஓரத்திலும் பனைமர உயரத்துக்குக் கண்ணாடித் தடுப்பு எழுப்பியிருந்தார்கள். குறுக்கே கடப்பது தண்டனைக்குரிய குற்றம். கடக்க முயன்றவர்களில் யாரும் தண்டிக்கும் அளவுக்கு மிஞ்சாததால், அந்தச் சட்டப்பிரிவு இதுவரை பயன்பட்டதில்லை.

பாலம் கட்டலாமே என்று கேட்கலாம். கேட்டார்கள். மூன்று அரசுகள் தீர்மானம் நிறைவேற்றின. எந்தப் பக்கத்திலிருந்து கட்டத் தொடங்குவது என்ற வழக்கு இன்னும் நடக்கிறது.

ஆக, மேலை ஓமலூர்க்காரர் ஒருவர் கண்ணெதிரே தெரியும் கீழை ஓமலூருக்குப் போக வேண்டுமென்றால், பயண நியாயம் என்ற அனுமதி கேட்டு விண்ணப்பித்து, அது ஏற்கப்பட்டபின் பாடு எனப்படும் ஓட்டுநரில்லா ஊர்தியில் ஏறி, வடக்கே தொப்பூர் மலையடிவாரத்தில் இருக்கும் திரும்புவளைவு வரை போய், தன் முறை வரும்வரை அங்கேயே வட்டமடித்து, பிறகு திரும்பி வர வேண்டும். காலையில் புறப்பட்டால் மாலையில் சேரலாம். பழைய யூ டர்ன்தான். மாநிலத்தில் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்; இரு பக்கத்துக்காரர்களுக்கும் போகவும் வரவும் அதுவே வழி.

இதனால் மாலை வேளைகளில் ஒரு வழக்கம் வளர்ந்திருந்தது. மக்கள் கண்ணாடித் தடுப்பின் விளிம்புக்கு வந்து நிற்பார்கள். எதிர்விளிம்பில் அவர்களுடைய அண்ணனோ மகளோ சித்தப்பாவோ நிற்பார். ஊர்திகள் பறக்கும் வேகத்தில் எதிரில் இருப்பவர் விட்டுவிட்டுத்தான் தெரிவார், பழுதான திரையில் ஓடும் படம்போல. இவர்கள் கையை ஆட்டுவார்கள். புதுச்சேலையை விரித்துக் காட்டுவார்கள். பிறந்த குழந்தையைத் தூக்கிக் காட்டுவார்கள். இருட்டியதும் போய்விடுவார்கள்.

செங்கோடனுக்குத் துறையின் மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து இதைப் பார்ப்பது மாலைத் தேநீரோடு சேர்ந்த வாடிக்கை. பக்கத்தில் ஆய்வு மாணவி நிலோபர் குறிப்பெடுப்பாள். அவளுடைய ஆய்வே விளிம்பில் நிற்பவர்களைப் பற்றியது. தலைப்பை அவர் கொடுத்திருந்தார்: ‘இல்லாத பக்கத்தை நோக்கிய சைகைகள்.’

“பாரும்மா, பாரு. அந்தம்மா முறத்தத் தூக்கிக் காட்டுது. கையில போன் இருக்கு. கூப்பிட்டா முகம் பாத்துப் பேசலாம். முறத்தக் காட்டுது. குரங்குகூட கண்ணாடியில தெரியறது யாருன்னு ரெண்டு நாள்ல கண்டுபிடிச்சுரும்.”

“சார், அந்தப் பக்கம் நெசமாவே ஆளு நிக்கறாங்களே. இங்கிருந்தே தெரியுது.”

“தெரியறதெல்லாம் தரவு ஆகாதும்மா. போக முடியாத இடம், வர முடியாத ஆளு, பேசாத பேச்சு. இதுல எது பண்பாடு? எழுதிக்கோ.”

நிலோபர் எழுதிக்கொண்டாள். முனைவர் பட்ட மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள்.

விளிம்புக்குத் தினமும் போகிறவர்களில் அவர் மனைவி பூங்கோதையும் உண்டு. அவளுடைய தம்பி மாதேஷ் கீழை ஓமலூரில் இருந்தான். இதை ஜன்னலிலிருந்து பார்க்க நேரும் நாளில் செங்கோடன் தேநீரைச் சீக்கிரம் முடித்துவிடுவார்.

“துறைத் தலைவர் ஆகப்போறவன் பொண்டாட்டி அங்க போய்க் கையாட்டிட்டு நிக்கறா. நல்லாவா இருக்கு? போன்ல பேச வேண்டியதுதானே?” என்று ஒருநாள் கேட்டார்.

“போன்ல அவன் எங்க வேணும்னாலும் இருக்கலாம். விளிம்புல நின்னா அங்கதான் இருக்கான்,” என்றாள் அவள்.

இதில் ஒரு கட்டுரைக்கான கருத்து இருப்பதாக அவருக்குத் தோன்றியது. மறுத்து எழுதலாம் என்று வைத்துக்கொண்டார்.

அந்த ஆண்டுதான் ஓட்ட ஆணையத்தின் தலைவர் வடமலை அவரைத் தேடி வந்தார். தொப்பூர் வளைவில் ஊர்திகள் திரும்பும்போது ஓட்டம் கொஞ்சம் தளர்கிறது. மூடிவிட்டால் சேலத்திலிருந்து கிளம்பும் தக்காளி பெங்களூருக்குக் கால் மணி நேரம் முன்னால் போய்ச் சேரும். ஆனால் சாலையில் எதை மூடினாலும் அதனால் பண்பாட்டுக்குக் கேடு இல்லை என்று ஒரு நிபுணர் சான்று தர வேண்டும். அப்படி ஒரு சட்டத்தை, பண்பாட்டின்மேல் அக்கறை மிகுந்த ஓர் அரசு எப்போதோ இயற்றித் தொலைத்திருந்தது.

“உங்க கோட்பாட்டப் படிச்சேன் சார். ஒரே பக்கம்! என்னா ஒரு சிந்தனை. எங்க பொறியாளனுங்க இத்தன வருசமா ரெண்டு பக்கத்துக்கும் தார் போட்டுட்டிருந்திருக்கானுங்க பாருங்க.”

ஆணையத்தின் செலவில் துறையில் ஓர் ஆய்விருக்கை அமைக்கப்படும் என்றும், அதில் உட்காரப்போவது யார் என்று தான் சொல்லவும் வேண்டுமா என்றும் வடமலை கேட்டார். செங்கோடன் சான்று எழுதினார். எதிர்ப்பக்கம் இல்லை, இல்லாத பக்கத்துக்குத் திரும்புவதற்கு வளைவு தேவையில்லை என்று நிறுவினார். எழுதுகிற வேகத்தில், மூடுவதற்கு முன்னறிவிப்பும் கூடாது, அறிவிப்பு என்பதே இரு பக்கம் உண்டு என்ற மயக்கத்தை வளர்க்கும் என்று ஒரு வரியைச் சேர்த்தார். அந்த வரியின் நடை அவருக்கு மிகவும் பிடித்திருந்தது.

வளைவை மாதக் கடைசியில் மூடுவார்கள் என்று வடமலை தனிப்பட்ட முறையில் சொன்னதை வீட்டில் வந்து சொன்னார். பூங்கோதை சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“நம்ம புள்ள தாரகைக்கு இன்னும் காது குத்தல.”

“இங்க குத்திக்கலாம்.”

“யார் மடியில ஒக்கார வெச்சு? தாய்மாமன் அங்க இருக்கான்.”

செங்கோடன் இதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். “ஒரு திண்டப் போடுவோம். அதுமேல புள்ளைய ஒக்கார வெச்சு, பின்னால திரையில மாதேஷக் காட்டுவோம். மெய்நிகர் மாமன் மடி. இந்தியாவுலயே மொத தடவையா இருக்கும். கட்டுரையாவும் போடலாம்.”

“திண்டு சீர் கொண்டாருமா? நாளைக்கு இவ வயசுக்கு வந்தா ஓலைக் குச்சு கட்டுமா? போங்க, அந்தாண்ட.”

பயண நியாயத்துக்கு விண்ணப்பித்தாள். காரணம் என்ற இடத்தில் ‘மாமன் மடி’ என்று எழுதினாள். கணவரின் பெயருக்காகவோ என்னவோ உடனே கிடைத்தது. ஞாயிறு காலை காதுகுத்து, அன்று பகலே அங்கிருந்து புறப்பட்டு இரவுக்குள் திரும்பிவிடுவதாக ஏற்பாடு.

“நீங்களும் வாங்க. ஒரே புள்ள.”

“ஞாயித்துக்கிழமதான் எனக்குப் பாராட்டு விழா. வடமலையே வர்றாரு.”

சனிக்கிழமை காலை, நான்கு வயதுத் தாரகை பாடுக்குள் ஏறியதும் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு, “அப்பா, நான் தோடு போட்டுட்டு வந்து காட்டறேன்,” என்றாள். பாடு கிளம்பிவிட்டது. அது காத்திருக்காது.

பாராட்டு விழா சிறப்பாக நடந்தது. பொன்னாடைகள் குவிந்ததில் செங்கோடனின் கழுத்து மறைந்து முகவாய் தெரியாமல் போய், கடைசியில் பேசியவர் பொன்னாடைக் குவியலைப் பார்த்துத்தான் பேசினார். முடிவில் பட்டுத்துணி மூடிய ஒரு மேசையைக் கொண்டுவந்து வைத்தார்கள். துணியை விலக்கினால் ஒரு பச்சைப் பொத்தான்.

“உங்க கையாலயே திரும்புவளைவ மூடிவைங்க சார்,” என்றார் வடமலை.

“அடையாளமாத்தானே?”

“அடையாளமாத்தான் சார்.”

செங்கோடன் அழுத்தினார். கைதட்டல் எழுந்தது. மேடைத் திரையில் தொப்பூர் வளைவின் நேரடிக் காட்சி வந்தது. வளைவுக்குக் குறுக்கே ஒரு சாம்பல்நிறச் சுவர் தரையிலிருந்து எழும்பி நின்றது. கடைசிப் பாடு ஒன்று அதற்குமுன் சுழித்துத் திரும்பி, வந்த வழியே போனது.

“ரொம்பத் தத்ரூபமா செஞ்சிருக்காங்க,” என்றார் செங்கோடன்.

“அது நெசம் சார். பொம்மைப் பொத்தானுக்குத் தனியா டெண்டர் விடணும். வீண் செலவு எதுக்குன்னு நம்ம பசங்க நேராவே கனெக்ட் பண்ணிட்டாங்க.”

“மாசக் கடைசின்னு சொன்னீங்களே?”

“சொல்லியிருக்கக் கூடாதுதான். முன்னறிவிப்பு கூடாதுன்னு நீங்களே எழுதியிருந்தீங்க. அப்புறமாத்தான் படிச்சேன். அருமையான வரி சார் அது.”

பூங்கோதையின் அழைப்பு, விழா முடிந்து அவர் வீடு போய்ச் சேருமுன் வந்தது.

“என்னங்க, பாடு எங்களத் திரும்ப இங்க மாதேஷ் வீட்டுலயே கொண்டாந்து எறக்கிருச்சு. மறுபடி ஏறி நம்ம வீட்டுப் பேரச் சொன்னா, அப்படி ஓர் இடம் இல்லைங்குது.”

“இன்னொரு தடவ சொல்லிப் பாரு.”

“தெருப் பேரு, ஊருப் பேரு எல்லாம் சொல்லிட்டேன். எதிர்ப்பக்கம்னு ஒண்ணு கிடையாதுன்னு பதில் சொல்லுது. உங்க கொரல்லயே சொல்லுதுங்க.”

பாடுகளின் அறிவிப்புக்கு அவருடைய வகுப்புப் பதிவைப் பயன்படுத்த அவரே அனுமதி கொடுத்திருந்தார். பெருமைப்பட்டு இனிப்பும் வழங்கியிருந்தார்.

மறுநாள் ஆணையத்தில் வடமலை அவரை எழுந்து நின்று வரவேற்றார். அடுத்த திரும்புவளைவு கர்நாடகத்தில் இருந்தது. அதுவரை போக மாநிலம் தாண்டும் நியாயம் வேண்டும். அதற்கு, அந்தப் பக்கம் பண்பாட்டுக்கு இன்றியமையாதது என்று நிபுணர் ஒருவர் சொல்ல வேண்டும்.

“நான் சொல்றேன். என் கோட்பாடு தப்புன்னு எழுதித் தர்றேன்.”

“தாராளமா எழுதுங்க சார். ஆனா அது தப்புன்னா நீங்க நிபுணர் கெடையாது. நிபுணர் இல்லாத ஆளு சொல்றத நாங்க எப்படி ஏத்துக்கறது? அது சரின்னா, அந்தப் பக்கமே கெடையாது. அப்புறம் அங்க யாரு மாட்டியிருக்கா?” வடமலை உண்மையிலேயே வருத்தப்பட்டார். “தவிர, சொந்தக் குடும்ப விஷயம். வேற ஒருத்தர்கிட்ட கருத்துக் கேக்கறதுதான் முறை. உங்க துறையிலயே புதுசா ஒருத்தர் டாக்டரேட் வாங்கியிருக்காராமே.”

நிலோபரைத் தேடிக்கொண்டு அவர் முதன்முறையாக ஒரு மாணவியின் அறைக்கு நடந்து போனார். அவள் எழுந்து நாற்காலியைக் கொடுத்தாள். அவர் உட்காரவில்லை.

“விண்ணப்பம் உங்கிட்ட வந்திருக்குமே.”

“வந்துச்சு சார். காலையிலயே கருத்து அனுப்பிட்டேன்.”

“என்னன்னு?”

அவள் மேசையின் விளிம்பை நகத்தால் சுரண்டினாள். “எதிர்ப்பக்கம் இல்லைன்னு.”

“ஏம்மா, நீதானே அங்க ஆளு நிக்கறாங்கன்னு சொன்ன? உன் கண்ணால பாத்தியே?”

“பாத்தேன் சார். ஒரு தடவ இல்ல, நாலு வருசம் பாத்தேன். எழுதத்தான் நீங்க விடல. ஒவ்வொரு அத்தியாயத்துலயும் செவப்பு மையில அடிச்சீங்க. தரவு இல்ல, தரவு இல்லன்னு. போன மாசம்தான் ஆய்வேட்ட ஏத்துக்கிட்டாங்க. அதோட மொத வரியே உங்க வரி. இப்ப மாத்திச் சொன்னா பட்டத்தப் புடுங்கிருவாங்க. வேலைக்கு வேற எழுதிப் போட்டிருக்கேன்.”

“தாரகை நாலு வயசுப் புள்ளம்மா.”

“தெரியும் சார்.” அவள் நாற்காலியை மறுபடி மேசையோரம் இழுத்துப் போட்டாள். “எங்கம்மா அந்தப் பக்கம்தான் இருக்காங்க. நீங்க கேக்கல. நானும் சொல்லல.”

செங்கோடன் வெளியே வந்தார்.

இருக்கைக்கான நியமன ஆணை வந்தது. நல்ல நாற்காலிதான், சுழலும். அவர் வகுப்பெடுத்தார். முதல் வகுப்பில் சொல்ல வேண்டியதை நிறுத்தவில்லை, நிறுத்தினால் இருக்கை போய்விடும். இரவில் போனில் தாரகை தோட்டைத் திரைக்கு அருகில் கொண்டுவந்து காட்டினாள். மிகத் தெளிவாகத் தெரிந்தது. சிவப்புக்கல் தோடு. கல்லின் பட்டைகளைக்கூட எண்ணலாம். “அப்பா, நீ எங்க இருக்க?” என்று அவள் கேட்டபோது, “இங்கதாண்டா,” என்றார். “இங்கன்னா எங்க?” என்றாள்.

ஒரு மாலை ஜன்னலைச் சாத்திவிட்டு, தேநீரைக் குடிக்காமல், மாடிப்படியில் இறங்கினார். மாணவர்கள் போகும் வரை நூலகத்தின் பின்னால் நின்றார். பிறகு விளிம்பை நோக்கி நடந்தார்.

கூட்டத்தில் யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. வயதான ஒருவர் லேசாக நகர்ந்து, கண்ணாடியோரம் ஓர் ஆள் நிற்க இடம்விட்டார். ஊர்திகளின் சத்தம் நெஞ்சுக்கூட்டுக்குள் இரைந்தது. மூன்றாம் மாடிக்கு இந்தச் சத்தம் வந்ததில்லை. எதிரே முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு பூங்கோதையின் மஞ்சள் சேலை துண்டுதுண்டாகத் தெரிந்தது. அவள் இடுப்பில் தாரகை. இவர் வருவார் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. வழக்கமாக நிற்கும் இடத்தில்தான் நின்றிருந்தார்கள்.

தாரகை தலையை ஒருபுறம் திருப்பிக் காட்டினாள். பிறகு மறுபுறம். இந்தத் தொலைவில் தோடு தெரியவில்லை. தெரிந்துவிட்டதாக அவர் பெரிதாகத் தலையாட்டினார்.

பூங்கோதை வலக்கை விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோய், புருவத்தை உயர்த்தினாள்.

பக்கத்தில் நின்ற பெண்மணி தன் பையிலிருந்து ஓர் எவர்சில்வர் தட்டை எடுத்து அவரிடம் நீட்டினாள். “புதுசுங்களா? இந்தாங்க. சாப்ட்டாச்சுன்னா கவுத்துப் புடிக்கணும். நிமுத்திப் புடிச்சா இன்னும் சாப்புடலன்னு அர்த்தம். பாத்துப் புடிங்க, ராத்திரி முழுக்க அங்க தூங்க மாட்டாங்க.”

செங்கோடன் காலையிலிருந்து எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. தட்டை வாங்கி, இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கி, கவிழ்த்துப் பிடித்தார்.