வெள்ளியங்கிரியின் கடைவாய்ப்பல்

1995 ஆகஸ்ட் 22, செவ்வாய்க்கிழமை. காலை 9.40.

சூலூர் காவல் நிலையத்துக்குள் மெர்சி வந்து நீட்டிய கடிதத்தில் மூன்றே வரி இருந்தது. சென்னையில் பல் மருத்துவர்களைப் பதிவு செய்யும் அலுவலகம் அனுப்பியது. உங்கள் மீது புகார் வந்திருக்கிறது. வியாழன் காலை பதினொரு மணிக்குக் காவல்துறை அறிக்கையோடு நேரில் வாருங்கள். வராவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி.

சப்-இன்ஸ்பெக்டர் கயல்விழிக்குப் படிக்கும்போதே எரிச்சலாக வந்தது. மெர்சியை அவருக்குத் தெரியும். தோட்டங்களில் களை வெட்டிப் பிழைத்த குடும்பம். பெண் கர்நாடகத்தில் ஐந்து வருஷம் பல் மருத்துவம் படித்துத் தேறி, அங்கே பதிவும் செய்துவிட்டாள். ஆனால் சொந்த மண்ணில் ஒருத்தர் வாயில் கை வைக்க வேண்டுமென்றால் சென்னைப் பதிவேட்டில் பேர் ஏற வேண்டும். அதற்காக ஏழு மாதமாக அலைகிறாள். கர்நாடகத்திலிருந்து தடையில்லாச் சான்று, நன்னடத்தைச் சான்று, எல்லாவற்றுக்கும் கெஜட்டட் அதிகாரி கையெழுத்து. அதுவரை பசியாற வேண்டுமே! டாக்டர் கிருபாசங்கரின் கிளினிக்கில் கருவி எடுத்துக் கொடுத்து, யாருக்கு எந்தப் பல் என்று கேஸ் ஷீட் எழுதிக்கொண்டு காலம் தள்ளினாள்.

கடிதத்தோடு புகாரின் நகலும் இருந்தது. கொடுத்தது வெள்ளியங்கிரி, தறிக்கூடத்துக் காவல்காரர். பதிவில்லாத மெர்சி ஆகஸ்ட் 5ஆம் தேதி தன் வீட்டில் வைத்து அவருடைய நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டாளாம். கீழே கைநாட்டு. கூடவே கிளினிக் பெயருள்ள தலைப்பைக் கிழித்தெடுத்த ஒரு கேஸ் ஷீட். அதில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் மெர்சியின் பெயர்.

"நான் ஒரு பல்லைக்கூடத் தொடலைங்க மேடம். டாக்டர் சொல்றத எழுதறதோட சரி. தொடறதுக்குப் பதிவு நம்பர் வேணுமுங்க" என்றாள் மெர்சி.

காலை 11.15.

தறிக்கூடம் கிருபாசங்கரின் சித்தப்பா அரங்கசாமிக்குச் சொந்தம். தறிச் சத்தத்தில் பேச முடியாமல் வெள்ளியங்கிரியை வெளியே கூட்டி வந்து, வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தார் கயல்விழி. இடது பக்கம், கீழ்வரிசையில் ஒரு கடைவாய்ப்பல்லைக் காணோம். ஒட்டினாற்போல் இருந்த சொத்தைப் பல் அப்படியே கருகி நின்றது. கன்னம் வீங்கியிருந்தது.

கேஸ் ஷீட்டில் ஒரு கூட்டல் குறி அச்சிட்டிருந்தது. மேல்வரிசை, கீழ்வரிசை, இருபுறமும் என்று நாலு கட்டம். அதில் கீழே இடது கட்டத்தில் '6' என்று எழுதியிருந்தது. நடுப்பல்லிலிருந்து ஆறாவது பல். இடது, கீழே. அச்சுப் பிசகாமல் பொருந்தியது.

யார் பிடுங்கியது என்று கேட்டதற்கு, "அந்தப் புள்ளதானுங்க" என்றார் பெரியவர். கண் மட்டும் தரையை விட்டு எழவில்லை.

மதியம் 12.30.

ஊரில் யாரைக் கேட்டாலும் இது ஆறுச்சாமி வேலை என்றார்கள். பஸ் நிலையத்தருகே ஒரு மேசை போட்டுப் பல் செட் கட்டிக் கொடுப்பவர். பட்டமும் கிடையாது, பள்ளிக்கூடமும் கிடையாது. பல் பிடுங்குகிற சோலிக்கே போவதில்லை, ஆடிப்போன பல்லைக்கூடத் தொடமாட்டேன் என்று சாதித்தார்.

மதியம் 1.00.

டாக்டர் கிருபாசங்கர் வெள்ளைக் கோட்டோடு வரவேற்றார். தலைக்கு மேல் கண்ணாடிச் சட்டத்தில், எண் பளிச்சென்று தெரியும்படி பதிவுச் சான்றிதழ். கேஸ் ஷீட் மேசை மேலேயே கிடக்கும், யார் வேண்டுமானாலும் உருவலாம், ஆறுச்சாமியும் அடிக்கடி வந்து போகிறவன் என்றார்.

"இல்லீன்னா அந்தப் பொண்ணே ஆசைப்பட்டுக் கை வெச்சிருக்கும். இந்த வருஷம் உட்டுட்டு அடுத்த வருஷம் அப்ளை பண்ணட்டுங்க மேடம்" என்று இரக்கப்பட்டார்.

அந்த இரக்கம் கயல்விழிக்குப் பிடிக்கவில்லை. கிளினிக்கின் கேஸ் ஷீட் கட்டைக் கேட்டு வாங்கினார். ஜனவரியிலிருந்துதான் இருந்தது. எல்லாம் மெர்சியின் கையெழுத்து. அதற்கு முன்னால் ஷீட் எழுதும் வழக்கமே இல்லையாம்.

பிற்பகல் 3.00.

நிலையத்தில் கட்டைப் புரட்டியபோது கயல்விழியின் சொந்த ஷீட்டே கையில் வந்தது. மார்ச் மாதம் கிருபாசங்கரிடம் பல் அடைத்திருந்தார். நாக்கு தானாகப் போய் அந்தப் பல்லைத் தொட்டது. வலது பக்கம், கீழே. ஷீட்டில் குறித்திருந்ததோ இடது கட்டத்தில். மெர்சி தப்பாக எழுதிவிட்டாளோ என்று தோன்றியது. ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு டெலிபோனை எடுத்துச் சென்னைக்கு எஸ்.டி.டி. போட்டார்.

மாலை 4.10.

எல்லோரும் நிலையத்தில் இருந்தார்கள். கயல்விழி இரண்டு வெற்று ஷீட்டுகளை எடுத்து வைத்தார். வெள்ளியங்கிரி வாயைத் திறக்கட்டும், பல் இல்லாத இடத்தை ஆறுச்சாமியும் கிருபாசங்கரும் குறித்துக் காட்டட்டும் என்றார்.

ஆறுச்சாமிக்கு எழுத வராது. பெரியவருக்கு எதிரே குந்தி, வாயைப் பார்த்து, பார்த்தபடியே ஒரு புள்ளி வைத்தார். கீழே, வலது கட்டம்.

"இடம் வலம் தெரியாத ஆளெல்லாம் பல் செட்டு கட்டறான் பாருங்க" என்று சிரித்த கிருபாசங்கர், ஒரு பார்வை பார்த்துவிட்டு அழகாக '6' எழுதினார். கீழே, இடது கட்டம்.

"மெர்சி, எது சரி?"

"ஆறுச்சாமியண்ணன் வெச்சதுதானுங்க. எதுக்க உக்காந்து பாக்கறபடி எழுதோணும். அவங்க இடது நமக்கு வலது பக்கம் வரும். மொத வருஷத்துலயே சொல்லித் தந்துருவாங்க."

கயல்விழி எழுந்தார். புகார் ஷீட் பெரியவர் வாயோடு பொருந்தியதுதான் காலையில் தன் கண்ணை மறைத்தது என்றார். பொருந்தவே கூடாது! மெர்சி எழுதியிருந்தால் வலது கட்டத்தில் எழுதியிருப்பாள், மார்ச் மாதம் தன் ஷீட்டிலும் அப்படிப் பக்கம் மாற்றித்தான் எழுதியிருக்கிறாள். ஆறுச்சாமி குறித்திருந்தால் கண்ணால் பார்த்தபடியே குறித்திருப்பார், அதுவும் வலதுதான். இடது என்றால் தாளின் இடது என்று நினைத்துக்கொண்டவர் இந்த அறையில் ஒருத்தர்தான்.

"மிஸ்டர் கிருபாசங்கர், நீங்க பல் டாக்டரே இல்லை."

கிளினிக் சுவரில் தொங்கும் சான்றிதழின் எண்ணைச் சென்னையில் விசாரித்தாகிவிட்டது, அந்த எண்ணில் இருப்பவர் எழுபது வயது அம்மையார் என்றார் கயல்விழி. விண்ணப்பத்தில் ஒரு கேள்வி உண்டு, தற்போது எந்த டாக்டரிடம் வேலை, அவருடைய பதிவு எண் என்ன என்று. மெர்சி அந்த எண்ணை எழுதி அனுப்பியது ஆகஸ்ட் 3. புகார் தேதி 7. யாராவது பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும். அதற்கு முன்னால் கிருபாசங்கர் விண்ணப்பத்தையே குப்பையில் தள்ளிவிடப் பார்த்தார்.

வெள்ளியங்கிரி உடைந்து அழுதார். "டாக்டருதானுங்க புடுங்குனாரு, சொத்தைய உட்டுப்போட்டு நல்லதப் புடுங்கிப்போட்டாரு. மொதலாளி ஊட்டுப் புள்ளைங்க, கைநாட்டு வெய்யின்னாரு. மாட்டேன்னா வேல போயிருமுங்க."

கயல்விழிக்கு வந்த ஆத்திரத்தில் மேசையை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். படித்தவள் ஏழு மாதமாகக் காகிதம் சுமந்து தேய்கிறாள். படிக்காதவன் போலிச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டு ஊர் வாயை எல்லாம் கிண்டுகிறான். காரணம், அவன் சித்தப்பாவுக்குத் தறிக்கூடம் இருக்கிறது, அவனிடம் எவனும் சான்றிதழைச் சரிபார்க்கவில்லை. தானும்தான் மார்ச் மாதம் வாயைத் திறந்து காட்டினோம் என்று நினைக்கையில் நெஞ்சு கொதித்தது. கிருபாசங்கரை உள்ளே வைத்துவிட்டுத் தன் கையாலேயே அறிக்கையை டைப் அடித்தார்.

மாலை 5.50.

மெர்சி அறிக்கையை ஃபைலில் வைத்து எழுந்தாள். மறுநாள் மெட்ராஸ் ரயிலுக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். வாசலில் வெள்ளியங்கிரி கன்னத்தைப் பிடித்தபடி வழிமறித்தார். சொத்தைப் பல் உயிரை வாங்கியது.

"ஏனுங்க அம்மணி, பண்ணுனது தப்புத்தானுங்க. வலி தாங்கலைங்க. இந்த ஒண்ண மட்டும் எடுத்து உடுங்க, கண்ணு."

மெர்சி அந்த வீக்கத்தைப் பார்த்தாள். ஐந்தே நிமிஷ வேலை. கை பரபரத்தது. ஃபைலை இறுக்கிக்கொண்டாள்.

"கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரிக்கு இப்பவே போங்க, இன்னொரு நாள் தாங்காது. நான் தொட முடியாதுங்க. நம்பர் வர்றதுக்கு முன்னாடி தொட்டேன்னா, நீங்க கைநாட்டு வெச்சது நெசமாயிருமுங்க."