நான்காம் தெருவின் பின்கதவு

காலையில் மூடிய பின்கதவு மத்தியானம் மூட மறுத்தது. நிலைக்கும் கதவுக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் சந்து விழுந்திருந்தது. சர்வேயர் அதில் விரலை விட்டுப் பார்த்தார். மரம் ஈரமாக இருந்தது, ஆற்றுச் சேற்றின் வாடை அடித்தது.

"மூணு வருஷமா பன்னிரண்டு மீட்டர்னே எழுதறீங்களே, நிஜமா அளந்தீங்களா அண்ணா?" என்றாள் தங்கை.

"அளக்காம எழுதுவேனா?"

பச்சைப் பொய். போன வருஷத்து எண்ணை அப்படியே எடுத்துப் போட்டுக் கையெழுத்திட்டிருந்தார். வீட்டுக்குப் பின்னால் ஆற்றில் இறங்கும் செங்குத்துச் சரிவின் விளிம்பு பின்கதவிலிருந்து பத்து மீட்டருக்குள் வந்துவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அவள் அவருடைய எண்ணை நம்பித்தான் அந்த வீட்டில் படுத்து எழுந்துகொண்டிருந்தாள்.

அந்த நகரத்தில் தெருக்கள் நான்கிலிருந்துதான் தொடங்கும். முதல் மூன்றும் ஆற்றுக்குள் கிடக்கின்றன. சரிவின் மேல்பாதி செம்மண், கீழ்ப்பாதி கரும்பாறை. மழைத்தண்ணீர் இரண்டுக்கும் நடுவே இறங்கி மண்ணை வழுக்கிவிடும். முதலில் கோட்டை போனது. பிறகு, கைதிகளை நிறுத்தித் தள்ளிவிடும் மேடை போனது. தள்ளப்பட்டவனைத் தேடித் தள்ளியவனும் போய்விட்டான் என்று ஊரில் கேலியாகச் சொல்வார்கள். அதற்குப் பிறகுதான் தெருக்கள் ஒவ்வொன்றாகப் போயின.

விளிம்பு அடியில் குடைந்திருக்கும் என்பதால் எட்டிப் பார்க்காமல் அளக்க முடியாது. ஒருவர் அளவுச் சங்கிலியின் நுனியைப் பிடித்துக்கொண்டு வெளியே சாய்வார். மற்றவர் பின்கதவருகே உள்ள கல்லில் காலை ஊன்றி இழுத்துப் பிடிப்பார். நுனியில் நிற்பவர் "பிடிச்சாச்சு" என்பார். வேலை முடிந்து காலூன்றி நின்றதும் "விடு" என்பார். மூன்று வருஷத்துக்கு முன்பு வரை நுனியைப் பிடித்தவர் தங்கையின் கணவர். கடைசியாக அளந்த அன்று அவர் காலடி சரிந்தது. சங்கிலி சர்வேயரையும் இழுத்தது. மாப்பிள்ளை கத்தியது "விடாதே" என்று. பலத்த காற்றில் தன் காதில் "விடு" என்றுதான் விழுந்தது என்று சர்வேயர் எல்லோரிடமும் சொன்னார். தங்கை நம்பினாள். உடல் கிடைக்கவில்லை.

"இன்னைக்கு அளந்தே ஆகணும். நுனியை நான் பிடிக்கிறேன்," என்றாள்.

"நான் போறேன், நீ இங்க நில்லு."

"உங்க தொப்பையை நான் இழுத்துப் பிடிக்க முடியுமா?"

அவர் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. விளிம்புக்குப் போகாமல் தப்பித்ததில் அவருக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

நாலு மணிக்கே ஆற்றிலிருந்து ஏறிய பனிமூட்டம் வேலிச் செடிகளையும் துணிக்கொடியையும் மெல்ல மெல்ல மூடி, சங்கிலியோடு நடந்துபோன தங்கையின் முதுகையும் மூடி, கடைசியில் இரும்புக் கண்ணிகள் புல்லில் உரசும் ஓசையை மட்டும் அவருக்கு விட்டுவைத்தது. ஓசை சீக்கிரமே நின்றுவிட்டது.

"பிடிச்சாச்சு."

மீட்டருக்கொரு பித்தளை வளையம். எண்ணினார். ஆறு. திரும்ப எண்ணினார். ஆறேதான்.

அப்போது அவர் முதுகுக்குப் பின்னால், சமையலறைக்குள் டம்ளர் உருளும் சத்தம் கேட்டது.

"அண்ணா, அடுப்பை அணைக்க வந்தேன். கொஞ்சம் இருங்க. நான் இன்னும் அங்க போகவே இல்ல."

தங்கையின் குரல். அவளுக்கே உரிய லேசான மூச்சிரைப்பு.

கையில் சங்கிலி விறைப்பாக இருந்தது. மறுமுனையில் ஒரு கனம். அது அசைந்தது. ஈரமண் வாடை மூக்கில் ஏறியது. கோட்டையோடு போனவர்கள், மேடையில் நின்றவர்கள், மாப்பிள்ளை. யார் பிடித்திருக்கிறார்கள்?

சங்கிலி இழுத்தது. ஒரு வளையம் விரலிடுக்கில் வழுக்கிப் போனது.

"அண்ணா, விட்டுடாதீங்க. எட்டிப் பாக்கறேன்."

அதுவும் தங்கையின் குரல். பனிக்குள்ளிருந்து வந்தது.

"அது நான் இல்ல அண்ணா," என்றது சமையலறை.

இன்று காற்று இல்லை. ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது.

விட்டார்.

கண்ணிகள் புல்லைக் கிழித்துக்கொண்டு ஓடின. ஒரு அலறல். பாதியில் நின்றது. கீழே எதுவோ பாறையில் மோதியது. பிறகு ஆற்றின் இரைச்சல் மட்டும்.

திரும்பி உள்ளே ஓடினார். சமையலறையில் யாரும் இல்லை. அடுப்பைத் தொட்டார். சில்லென்று இருந்தது. தரையில் செம்மண் ஈரத்தில் காலடிகள். பெரியவை. ஆணின் காலடிகள். சுவரோரம் தரை வெடித்திருந்த இடத்திலிருந்து வந்து, பின்கதவை நோக்கி நின்றிருந்தன. சங்கிலியைப் பிடித்து நின்றபோது அவர் முதுகுக்கு நேர் பின்னால்.

வெடிப்புக்குள் இரும்பு உரசியது. சங்கிலியின் கைப்பிடி மெல்ல மேலே வந்தது. நனைந்திருந்தது. அவர் காலருகே வந்து படுத்தது.

"பிடிச்சாச்சு," என்றது கீழேயிருந்து மாப்பிள்ளையின் குரல்.

"பிடிச்சாச்சு," என்றாள் தங்கை.

சங்கிலி அவர் காலைச் சுற்றி விறைத்தது. அவருக்குப் பின்னால், மத்தியானத்திலிருந்து மூடாத கதவு சந்தில்லாமல் மூடிக்கொண்டது.