சொல்லிவிட்டு விலகுதல்

காலை ஏழு மணிக்கு மணிக்கட்டில் பற்றுமானியைக் கட்டிக்கொண்டு எமெல்டா வார்டுக்குள் நுழைந்தாள். செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையே வளரும் ஒட்டுதலை அளக்கும் கருவி அது. நோயாளிகள்மேல் அவளுக்கு இருந்த பற்று பதினோரு ஆண்டுகளில் மூன்றைத் தாண்டியதில்லை. இன்று பன்னிரண்டாம் கட்டில் மாசானத்துக்கு அவள்மேல் ஒன்பது காட்டியது.

யார் பக்கம் எட்டைத் தாண்டினாலும் உடனே செவிலியரை மாற்றிவிடுவார்கள். நோயாளியிடம் எதுவும் சொல்லக்கூடாது. அதுதான் விதி.

மாசானம் காற்றாலைக் கோபுரத்திலிருந்து விழுந்து வலது காலை இழந்தவர். ஆய்வகத்தில் வளர்த்த புதுக்காலைப் பொருத்தி ஒரு மாதமாகிறது. எமெல்டா கைகொடுத்தால் எட்டு அடி வைப்பார். வேறு யார் வந்தாலும் வலிக்கிறது என்று படுத்துக்கொள்வார். ஸ்கேனோ, கால் முழுக்கத் தேறிவிட்டது என்றது.

“நீங்க கிளம்புங்கக்கா, நான் பாத்துக்கிடுதேன்,” என்றான் மாற்றுச் செவிலியன் ஷெரீப். “அவருகிட்ட சொன்னா உங்க பதவி உயர்வு போயிரும்.”

“போகட்டும். சொல்லாம போனா, தான் ஏதோ தப்பு செஞ்சிட்டோம்னு நெனச்சுக்கிடுவாரு.”

அவள் நேரே கட்டிலருகே போனாள். “அண்ணாச்சி, இன்னையிலேர்ந்து ஷெரீப் வருவாரு. நான் வரமாட்டேன்.”

“நான் என்ன தப்பு செஞ்சேன் சிஸ்டர்?”

“ஒண்ணுமில்ல. நான் வரணும்னுதான் நீங்க நடக்காம கெடக்கீங்க. காலு என்னைக்கோ தேறிட்டு.”

“எனக்கு யாரு இருக்கா? சாப்பிட்டீங்களான்னு நீங்க ஒருத்திதான் கேட்டீங்க.”

“எல்லார்கிட்டயும் கேப்பேன், அது என் வேல. ஆனா மனசாரத்தான் கேட்டேன்.”

மாசானம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அவர் தோளைத் தொடலாமா என்று எமெல்டாவின் கை தயங்கியது. தொட்டால் சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும். திரும்பி நடந்தாள்.

இரண்டு நாள் அவர் சாப்பிடவில்லை என்று ஷெரீப் சொன்னான். போய்ப் பார்க்கத் துடித்த தன் கால்களை எமெல்டா அடக்கிக்கொண்டாள். மூன்றாம் நாள், கோபமோ வைராக்கியமோ, மாசானம் தாழ்வாரத்தின் கோடிவரை தனியாக நடந்தாராம். அந்த வாரமே எமெல்டாவின் பதவி உயர்வு ரத்தானது. அந்த உத்தரவில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்த்தாள்.

மூன்று வாரம் கழித்து, தோளில் பையோடு ஷெரீப்பிடம் ஏதோ சிரித்துப் பேசியபடி மாசானம் எதிரே வந்தார்.

“வாரேன் சிஸ்டர்,” என்றார், எல்லோரிடமும் சொல்வதுபோல.

“நல்லா இருங்க அண்ணாச்சி.”

இதைத்தானே அவள் விரும்பினாள்? ஆனாலும் எங்கோ சுருக்கென்றது. லிஃப்டை விட்டுவிட்டு அவர் படியிறங்கும் ஓசை தேயும்வரை நின்று கேட்டாள். பிறகு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.